போத்தல் இல்லாத வீடுகள்

ராத்தா,

நேற்று நோன்பு திறக்கும் நேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை நன்னாரி சர்பத் கொண்டுவந்து தந்தது. மணம் மூக்கில் ஏறியதுமே என் கை பின்வாங்கிவிட்டது. இத்தனை வருடம் போயும் அந்த மணம் உங்கள் கணவரை, என் மச்சானைத்தான் கொண்டுவருகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சாய்ந்தமருதில் நம் தெருவில் வயல் செய்யாத வீடு குறைவு. பெரிய போத்தல் ஒன்றில் பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி வாங்கி, பக்கத்து வயல்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போடுவார்கள். ஊற்ற வசதியாக அகப்பட்டது காலிச் சர்பத் போத்தல். அந்த நஞ்சுக்கு ஊரில் பெயரே ‘எண்ணெய்’ தான், ஏதோ சமையலுக்கு ஆகிற சாமான் மாதிரி! மச்சான் தன் பங்கைக் குசினி மூலையில் வைத்திருந்தார், சர்பத்துக்குப் பக்கத்தில். வயலில் இருந்து நாக்கு வறண்டு வந்த மனுசன், மூக்கடைத்த தடிமனில் மணமும் பிடிபடாமல், நோன்பு திறக்கப் பாங்கு சொன்ன அவசரத்தில் தானே கலந்து குடித்தார். கல்முனை ஆஸ்பத்திரியில் இருந்து ஜனாஸாவாகத்தான் திரும்பினார்.

நீங்கள் விதவைக்குரிய இத்தாவில் உட்கார்ந்தீர்கள். மாதக்கணக்கில் வாசலைத் தாண்ட முடியாது. துக்கம் கேட்க ஊர்ப் பெண்கள் வந்தார்கள். அழுது முடிந்தும் நீங்கள் அவர்களின் கையை விடவில்லை.

"உங்கட எண்ணெப் போத்தல் எங்க கிடக்கு?"

"குசினிக்குள்ளதான், புள்ள."

"ஊடு ஆருட?"

"என்டதான். உம்மா சீதனமாத் தந்த."

"ஓம். ஊடு உங்கட, எண்ணெ அவருட. வயல் வாடிக் குடில்ல பெட்டியடிச்சுப் பூட்டி வைக்கச் சொல்லுங்க. பூட்டினதும் வந்து எனக்கிட்ட சொல்லுங்க."

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விசயம். அதை இப்படி எடுத்து வீசலாம் என்று வேறு யாருக்குத் தோன்றியது? "வாடில வெச்சா கள்ளன் கொண்டு போவான்" என்று ஆண்கள் முணுமுணுத்தார்கள். "எண்ணெ போனா வாங்கலாம்" என்று நீங்கள் பதில் அனுப்பினீர்கள். உங்கள் இத்தா முடியுமுன் தெருவில் ஒரு குசினியிலும் போத்தல் இல்லை. வாசல் தாண்டாத பெண் ஒருத்தி ஒரு தெருவையே அசைத்ததை இன்றும் நினைத்தால் எனக்கு மயிர் கூச்செறிகிறது.

"இனி ஆரும் மாறிக் குடிக்கமாட்டாங்க, எனக்கு அது காணும்" என்றீர்கள். அவ்வளவுதான் நடந்தது என்று நம்பியபடியே நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் ஜனாஸாவைத் தூக்கிய அன்று, தெருக்கோடி வீட்டுப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றா. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"உங்கட ராத்தாக்கிட்ட ஒண்டச் சொல்லாம விட்டுட்டன். வெள்ளாமை அழிஞ்ச வருசம், என்ட மாப்புள கோவத்துல குசினிக்குள்ள பாய்ஞ்சாரு. குடிக்க அந்தப் போத்தலத்தான் தேடினாரு. இல்ல. வாடிக்குப் போறனெண்டு சைக்கிள எடுத்தாரு. பாதி வழியில இருந்து அழுதழுது திரும்பி வந்துட்டாரு."

பிறகு வேலிக் கடப்புக்கு வெளியே கையைக் காட்டினா.

"அந்தா, முன்னுக்கு உங்கட ராத்தாட சந்தூக்கத் தோள்ல வெச்சிருக்காரே, அவருதான்."

இது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன், ராத்தா. அவரைப் போல இன்னும் எத்தனை பேரோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அன்று முதல் நம் தெருவால் போகும்போது எதிரே வருகிற ஒவ்வொரு கிழவரையும் நின்று பார்க்கிறேன், இவரும் ஒருவரோ என்று.