மங்கிய முத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு மகள் எலினீமா பணிவோடு சொல்லும் ஷிகாமூ வணக்கம். முழங்கால் வலி தேவலையா?

நைரோபியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வர்த்தகப் பேச்சுவார்த்தையில் நம் தான்சானியா தரப்புக்குக் காகிதம் சரிபார்க்கிறேன். நேற்று கென்யாவின் பால் வரிவிலக்குப் பட்டியலை நீட்டியவர் யார் தெரியுமா? எல்லைச் சாவடியில் உன் வயதுக்கு ஒரு ஷிகாமூகூடச் சொல்லாமல், "சீட்டுல முத்திரை மங்கலா இருக்கு கிழவி, நாளைக்கு வா" என்று மூன்று நாள் விரட்டி, உன் தக்காளியை அழுகவைத்த அதே அதிகாரி வெகேசா!

அவர் பட்டியலிலும் முத்திரை மங்கல்.

"ஷிகாமூ ஐயா. முத்திரை சரியில்ல, நாளைக்கு வாங்க" என்றேன்.

"மந்திரி கையெழுத்துப் போடப் போறாரும்மா, என் வேலையே போயிடும்!" என்று கெஞ்சினார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் காய்ந்த நெத்திலி கொடுத்தனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் இறங்குவதில்லை.

கூப்பிடுகிறார்கள், வாசலில் வெகேசாதான். இன்றைக்கு இரண்டாம் நாள்தானே அம்மா.