அடியில் விட்ட எண்ணெய்

ஆடி 9, வெள்ளி.

அரிசி ஆலை எஞ்சின் இன்றும் சூடேறி நின்றுவிட்டது. உலகச் சண்டை தொடங்கியதிலிருந்து எஞ்சினுக்கு ஊற்றும் சீமை மசகெண்ணெய் வருவதில்லை. செங்கோட்டை வியாபாரி தரும் விளக்கெண்ணெயைத்தான் எஞ்சினுக்கு ஊற்றுகிறேன். பத்தே நாளில் கறுத்துப் பாகாகிவிடுகிறது.

"அவன் கலப்படம் பண்ணுதான்லே. நாளைக்கு வரட்டும், இனிமே உன் எண்ணெய் வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றார் முதலாளி.

நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். திங்களன்று இரண்டு தகரக் குவளைகளில் அந்த எண்ணெயை ஊற்றி, ஒன்றில் மட்டும் எஞ்சினில் கிடந்த பழையதை ஒரு கரண்டி விட்டு, நெல் அவிக்கும் அடுப்போரம் வைத்திருந்தேன். இன்று பார்த்தால் பழையது கலந்தது கறுத்துவிட்டது. மற்றது இன்னும் தேன் நிறம்.

எண்ணெய் மாற்றும்போது நான் ஒருநாளும் முழுக்க வடித்ததில்லை. வீட்டில் அரிசிப் பானையைக் காலியாக விடமாட்டோம், ஒரு பிடியாவது வைப்போம். அதே பழக்கத்தில் எஞ்சின் அடியிலும் கொஞ்சம் விட்டுவந்திருக்கிறேன். வெந்து கெட்ட அதுதான் புதியதையும் கெடுத்திருக்கிறது. சுத்தமாக வடித்துவிட்டால் விளக்கெண்ணெயே போதும்.

முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. கழுவிவிடலாம் என்று குவளைகளைச் சாயங்காலம் தொட்டிவரை கொண்டுபோனேன். பிறகு திரும்பி வந்து, இரண்டையும் அவர் மேசைமேல் வைத்துவிட்டேன்.