நண்பகல் மணியும் ஜவ்வரிசிக் களமும்

அனுப்புநர்:
ஆ. அக்சிலியா,
க/பெ. காலஞ்சென்ற ஆண்ட்ரூஸ்,
மாதா கோயில் தெரு, வெள்ளக்கரடு,
சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம்.

பொருள்: வெள்ளக்கரடு வெண்முத்து சேகோ ஆலைக்குக் காலநிலை முன்னோடி விருது – விருது வழங்கும் முன் ஜவ்வரிசி காய வைக்கும் களத்தில் உச்சிவெயில் வேலையை நிறுத்தவும், என் கணவரின் மரணக் காரணத்தைத் திருத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்படி ஆலையில் மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவும் பகுதியில் வேலை பார்த்து வருகிறேன். என் கணவர் ஆண்ட்ரூஸ் அதே ஆலையில், ஜவ்வரிசி காய வைக்கும் களத்தில் வேலை பார்த்தார். சென்ற ஆண்டு ஏப்ரல் கடைசியில் அந்தக் களத்திலேயே இறந்துபோனார். வருகிற உலகச் சுற்றுச்சூழல் நாளன்று தொழில் கூட்டமைப்பு ஒன்று எங்கள் ஆலைக்கு விருது கொடுக்கிறது. தங்கள் கையால் கொடுப்பதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறது. தொழிலாளர்கள் சார்பில் மேடையேறி அதை வாங்கிக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்த மனு.

2. விருது பொய்யானது என்று நான் புகார் கூறவில்லை. முன்பெல்லாம் கிழங்கு கழுவிய தண்ணீர் ஓடையில் போய் நாறும். நாலு தெரு தள்ளியிருக்கிற எங்கள் வீட்டில் சோறு இறங்காது. ஆலை உரிமையாளர் திரு. தீனதயாளன் அந்தத் தண்ணீரிலிருந்து எரிவாயு எடுக்க ஏற்பாடு செய்தார். கூரை முழுக்க சோலார் தகடு போட்டார். லாரி லாரியாக விறகு தின்ற அனல்காற்று உலர்த்தியையும் நிறுத்தினார். அவரைப் பார்த்துச் சுற்றுவட்டார ஆலைக்காரர்களும் ஒவ்வொருவராக மாறி வருகிறார்கள். நல்லது செய்தவரை நல்லது செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

3. உலர்த்தி நின்றதற்குப் பிறகு நடந்ததுதான் என் குறை. முன்பு கோடையில் உச்சி நேரத்துக்கு உலர்த்தி ஓடும், ஆட்கள் நிழலில் இருப்பார்கள். இப்போது எல்லாம் வெயிலில்தான் காய்கிறது. வெயில் கடுமையாக இருக்கும்போதுதான் சீக்கிரம் காயும் என்பதால், சரியாக அந்த நேரத்தில் ஆட்கள் சிமெண்டுக் களத்தில் நின்று பலகையால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கட்டி தட்டிவிடும். சாப்பிடுகிற பொருள் என்பதால் களத்தில் செருப்புப் போடுவதில்லை. இது யாரும் போட்ட சட்டமல்ல, எங்கள் வழக்கம். விருதுக்காக அச்சடித்த புத்தகத்தில், "எங்கள் உலர்த்தும் சக்தி சூரியன் மட்டுமே" என்று இருக்கிறது. சூரியன் மட்டுமில்லை ஐயா. அதற்குக் கீழே நாங்களும் இருக்கிறோம்.

4. எங்கள் கோயிலில் பகல் பன்னிரண்டுக்கு மணி அடிக்கும். களத்தில் கிறிஸ்தவர் என் கணவர் ஒருவர்தான். மணி கேட்டதும் இருந்த இடத்திலேயே முழங்காலிட்டு, காலை, பகல், மாலை மணிக்குச் சொல்லும் மூவேளைச் செபத்தைச் சொல்லிவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அதைக் கேலி செய்ததில்லை. அவர் எழுகிறவரை அவர் பக்கத்து ஜவ்வரிசியையும் சேர்த்துக் கிளறிவிடுவார்கள். அன்றும் மணி அடித்தபோது அவர் முழங்காலிட்டிருந்தார். கிளறும் பலகையின் கைப்பிடியில் நெற்றியைச் சாய்த்திருந்தார். நேரமாகியும் எழவில்லை. மேஸ்திரி கந்தப்பன் கூப்பிடப் போனபோது, அடுத்த வரிசையில் நின்ற சௌந்திரம் அக்கா, "சாமி கும்பிடறாருங்க, உடுங்க. புள்ளைக்குப் பரீச்சை ரிசல்ட்டு வருதல்லங்க, அதுக்கு வேண்டிக்கறாராட்ட இருக்குது" என்று சொல்லித் தடுத்தார். எங்கள் மகள் ஜாக்குலின் அப்போது பிளஸ் டூ முடிவுக்காகக் காத்திருந்தாள். சௌந்திரம் அக்கா நல்ல எண்ணத்தில் சொன்னது அது. சாப்பாட்டு நேரம் வந்த பிறகுதான் கந்தப்பன் அவர் தோளைத் தொட்டார். அதுவரை எல்லாரும் அவரைச் சுற்றி ஓசைப்படாமல் கிளறிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

5. ஆஸ்பத்திரியில் உடம்பு சூடேறி உயிர் போயிருக்கிறது என்று சொன்னார்கள். ஆலையின் விபத்துப் பதிவிலோ, "மத விரதத்தால் ஏற்பட்ட பலவீனம்" என்று எழுதியிருக்கிறார்கள். தவக்காலம் முழுவதும் அவர் ஒருசந்தி, அதாவது ஒரு நாளைக்கு ஒருவேளைச் சாப்பாடு, இருந்தது உண்மை. ஆனால் அவர் இறந்தபோது உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர், கழிந்து வாரங்கள் ஆகிவிட்டன. அது ஒருசந்தி இருக்கும் காலமே இல்லை. அன்று காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பு கூட என்று என்னிடம் குறை சொல்லிவிட்டுத்தான் போனார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்டர் முதல் ஏழு வாரம் நீளும் உயிர்ப்புக் காலத்தில் நாங்கள் நண்பகல் செபத்தை முழங்காலிட்டுச் சொல்வதில்லை, நின்றுகொண்டுதான் சொல்வோம். முந்தின நாள் வரை அவரும் நின்றுதான் சொல்லியிருப்பார். அன்று அவர் முழங்காலிட்டது செபத்துக்காக இல்லை. கால் தாங்காமல் மடிந்திருக்கிறது. இது வேற்று மதத்தார்க்குத் தெரிய வழியில்லை. சௌந்திரம் அக்காவிடம் நான் இதை இன்று வரை சொல்லவில்லை.

6. எனக்கு அழுகை வருவதில்லை. அடக்கம் முடிந்த வாரமே வேலைக்குப் போய்விட்டேன். கிழங்கு சீவுகிறேன், வருகிறேன், சமைக்கிறேன். கல் மாதிரி இருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், அதுவும் காதில் விழுகிறது. அழைப்பிதழ் வந்த அன்றுதான் ஏதோ செய்ய வேண்டும் என்று தோன்றியது. முதலாளியை நேரில் பார்த்து, பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரையாவது களத்தில் ஆள் இறக்க வேண்டாம் என்று கேட்டேன். "அக்சிலியாம்மா, வெயிலு நம்ம கையிலயா இருக்குதுங்க? காயறதுக்கு இன்னொரு நாளு சேந்து போச்சுன்னா ஆர்டரு கை மாறிப் போயிருமுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். டீயும் வரவழைத்துக் கொடுத்தார். வெயில் அவர் கையில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வேலை நேரம் அவர் கையில்தான் இருக்கிறது.

7. என் கணவர் நின்ற வரிசையில் இப்போது சௌந்திரம் அக்கா நிற்கிறார். இந்த ஆண்டும் ஏப்ரல் கடைசி வந்துவிட்டது. கிழங்கு சீவும் கொட்டகையிலிருந்து பார்த்தால் களம் தெரியும். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நின்றாலே என் கை கத்தியை நிறுத்திவிடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

8. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

அ) விருது நாளுக்கு முன் ஏதாவது ஒரு நாள் தாங்கள் எங்கள் களத்துக்கு வர வேண்டும். ஆலையைப் பார்வையிட வரும் குழுக்கள் காலையில் வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. தாங்கள் பகல் பன்னிரண்டுக்கு, கோயில் மணி அடிக்கும்போது வர வேண்டும். எங்கள் வழக்கப்படி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வர வேண்டும். மணி ஓய்கிற வரை நின்றால் போதும்.

ஆ) கோடை முடிகிற வரை நண்பகல் மணி முதல் மூன்று மணி வரை களத்தில் ஆள் வேலை கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். முன்னோடி என்று பட்டம் வாங்குகிறவர் இதிலும் முன்னால் போகலாம். விறகை நிறுத்தியபோது மற்ற ஆலைக்காரர்கள் அவர் பின்னால் வந்தது போல இதற்கும் வருவார்கள். அப்படி நடந்தால் நான் மேடைக்கு வந்து, சொல்கிற இடத்தில் நின்று விருதை வாங்கிக்கொள்கிறேன்.

இ) விபத்துப் பதிவில் உள்ள "விரதம்" என்ற காரணத்தை நீக்க வேண்டும்.

9. பணம் கேட்டு இந்த மனு இல்லை. இதைக் கொடுத்த பிறகும் அதே ஆலையில்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் தாங்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

10. கடைசியாக ஒன்று. விசாரணைக்காக இந்த மனுவின் நகலை ஆலைக்கு அனுப்பினால், ஐந்தாம் பத்தியை விட்டுவிட்டு அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சௌந்திரம் அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்தப் பத்தி இல்லாமல் காரணத்தைத் திருத்த முடியாது என்று அலுவலகத்தில் சொன்னால், திருத்த வேண்டாம். என் கணவர் விரதத்தால் செத்தார் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். களத்து வேலையை மட்டும் பன்னிரண்டு மணிக்கு நிறுத்திக் கொடுங்கள்.

இடம்: வெள்ளக்கரடு
நாள்: 28.04.2025

தங்கள் உண்மையுள்ள,
ஆ. அக்சிலியா