பம்பின் கைப்பிடி

தமாண்டா,

சோளக் களி மூடியிருக்கிறது. பூசணி இலைக் குழம்பைச் சுடவைத்துக்கொள். இரண்டு நாளாக நீ என்னோடு பேசாததால் எழுதுகிறேன்.

உன் வெளிநாட்டுப் பேனா தோழி எலினுக்கு நம் ஆட்டைப் பற்றி நீ எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்தவள் நான்தான். "தண்ணீருக்கு ஏழு கிலோமீட்டர் நடக்கிறோம்" என்று கரும்பலகையில் எழுதி, வகுப்பையே அப்படி எழுதவைத்தேன். "பள்ளிக்கூடத்துலயே பம்பு இருக்கேம்மா?" என்றாய். "டீச்சர்னு கூப்பிடு" என்றேன்.

அதை நம்பி, எலின் வகுப்பு இன்று பத்து மணிக்குச் சேவைத் திட்டத்தோடு வருகிறது, நமக்குக் கிணறு தோண்ட. தலைமையாசிரியர் பம்பின் கைப்பிடியைக் கழற்றி, ஒளித்துவைக்கச் சொல்லி என்னிடம் தந்தார். "ஒரு நாள் தாகமா இருந்தா யாரும் செத்துட மாட்டாங்க டீச்சர்." வாசல் வளைவில் 'தாகம் தீர்க்க வந்த தயாளர்களே வருக' என்று எழுதியதும் அவர்தான்.

முந்தாநாள் கட்டிலடியில் நீ பார்த்த கைப்பிடி இப்போது அங்கே இல்லை. அதை மாட்டத்தான் முன்னதாகப் போகிறேன். வேலை போனாலும் போகும். ஒன்பதரைக்கு வா, நல்ல குவளை ஒன்று கொண்டு வா. எலினுக்கு முதல் தண்ணீரை நீ அடித்துக் கொடு.

வீட்டுச் சாவி வழக்கமான இடத்தில்.

பி.கு.: கிழித்த கடிதத்தை ஒட்டி, உன் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அவளிடம் நீயே கொடு. மூலையில் பத்துக்குப் பத்து போட்டிருக்கிறேன். அன்றே போட்டிருக்க வேண்டியது.

அம்மா