வானம்பாடிக்குப் போட்ட கருணை மதிப்பெண்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே நீ முழங்கால் உட்பட நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் பறவை ஆராய்ச்சிக்குக் கிளம்பியபோது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று கேட்டாய்: "அம்மா, தினமும் பத்து நிமிஷம் எதுவும் செய்யாம உக்கார உன்னால முடியுமா?" முப்பத்திரண்டு வருஷம் நின்றபடியே பாடம் நடத்தியவளிடம் கேட்கிற கேள்வியா அது? முடியும் என்றேன். காலை ஆறரை மணிக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிக்குப் போய், மதகின் மேல் பத்தே நிமிஷம் உட்கார்ந்து, கண்ணில் பட்ட வானம்பாடிகளை எண்ணி எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. நோட்டில் கோடு போட்டு, ஒரு நாள் விடாமல் எழுதி அனுப்பினேன்.

நீ அனுப்பிய அறிக்கையைப் போன வாரம் அப்பா சத்தமாகப் படித்தார். புல் அறுக்கும் இயந்திரம் வந்தபின் பதினோரு இடங்களில் வானம்பாடி குறைந்திருக்கிறது, நம் புல்வெளியில் மட்டும் கூடியிருக்கிறது, அதைக் காட்டி உங்கள் பெரிய அதிகாரி, இயந்திரத்தால் கெடுதல் இல்லை போலிருக்கிறதே, குஞ்சு பறக்கும்வரை அறுப்பைத் தள்ளிப்போடச் சொல்லும் உத்தரவு எதற்கு என்கிறாராம். ஓரத்தில் நீ "எப்படிம்மா உன் இடத்துல மட்டும்?" என்று எழுதியிருந்தாய். பெருமையில் அப்பாவுக்கு இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு அவர், "பரீட்சை ஹால்ல மணி அடிச்சா பேனாவைப் பிடுங்குவே. குருவிக்கு மட்டும் அரை மணி கூடுதலா குடுத்தா, கூடாம என்ன செய்யும்?" என்றார். காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பிறகு நோட்டைத் திறந்து பார்த்தேன்.

முதல் வருஷம் எனக்கு அந்த வானம்பாடிகளோடு பழக்கமில்லை, அதனால் நேர்மையாக இருந்தேன். இரண்டாம் வருஷம் இயந்திரம் வந்தது, தினம் மூன்று வந்தது இரண்டாகி, சில நாள் ஒன்றுகூட இல்லை. அதற்குள் ஒவ்வொன்றும் தெரிந்த முகமாகிவிட்டது, உடைந்த வேலிக் கம்பத்தருகிலிருந்து பாடிக்கொண்டே மேலே போகுமே, அது உட்பட. பாவம், இன்னும் ஐந்து நிமிஷம் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன், ஐந்து இருபது ஆனது. திரும்பும் வழியில் பார்த்ததையும் சேர்த்துக்கொண்டேன். மழை நாளில் போகாமலே, நேற்று வந்தது இன்றைக்கு எங்கே போயிருக்கும் என்று எழுதினேன். பெற்ற பிள்ளை என்றும் பாராமல் ஒரே ஒரு மதிப்பெண்ணில் உன்னை ஃபெயிலாக்கியவள் நான். வானம்பாடிக்குக் கருணை மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

நேற்று இயந்திரம் ஓட்டுகிறவர் வேலியோரம் வண்டியை நிறுத்தி, "டீச்சர், நம்ம பக்கம் குருவி பெருகிடுச்சாமே? அப்ப இந்தத் தடவை ரெண்டு வாரம் முன்னாடியே அறுத்துடலாம்ல?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அவர் வண்டிச் சக்கரத்துக்கு நாலடி தள்ளிப் புல்லடியில் ஒரு கூடு, அதில் மூன்று முட்டை. இந்த வருஷம் நான் பார்த்த ஒரே கூடு அதுதான். நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்றேன். "டீச்சர் கணக்கு தப்பாகுமா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயர் எதற்கு உதவுகிறது பார்.

ஆகவே நோட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்லவேளையாக, வகுப்புக்குத் தாமதமாக வருகிறவர்களைக் குறிக்கிற பழக்கத்தில், ஒவ்வொன்றும் வந்த நேரத்தையும் எழுதியிருந்தேன். பத்து நிமிஷத்துக்குப் பின் வந்ததையும், மழை நாள்களையும் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அவர் சொன்னபடி முன்னாடியே அறுத்தால், அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, அதற்குள் அதிகாரியிடம் கொடுத்துவிடு. யார் செய்த தப்பு என்று கேட்டால் என் அம்மா என்று சொல், மென்று முழுங்காதே.

மருமகளும் நீயும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருங்கள். தொப்பி இல்லாமல் வெயிலில் அலையாதே. இந்தச் செவ்வாய்க்கிழமை பத்து நிமிஷத்தில் ஒன்றுகூட வரவில்லை. இதை மடித்து வைக்கும் முன் ஒரு தாளை எடுத்து, "மதகு, செவ்வாய்க்கிழமை, பத்து நிமிஷம், பூஜ்யம்" என்று உன் கையால் ஒரு தடவை எழுதிப் பார். கை தயங்கும், எழுதிவிடு.

இப்படிக்கு,
மதகில் இப்போது கடிகாரத்தோடு உட்காரும்
உன் அம்மா