பதினோராம் கிணற்றில் எறும்புகள்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று தெருக்கூட்டம் முடியும் முன்பே நீ நாற்காலியை மடக்கிக்கொண்டு எழுந்து போனதைப் பார்த்தேன். இரண்டு சீட்டுகளில் ஒன்றை எடுக்கச் சொன்னவர் எங்கள் பொறியாளர். எடுத்தது என் கை. வடக்கு வரிசை வீடுகளுக்கு மருந்து, உன் தெற்கு வரிசையை அப்படியே விட வேண்டும் என்று வந்தது. வேண்டுமென்றே செய்ததாக நினைக்காதே.

மூடிப்போன முலாம் ஆலையின் விஷம் இரண்டு வரிசைக் கிணறுகளையும் ஒரே அளவு மஞ்சளாக்கியிருக்கிறது. எங்கள் புது முறையைச் சோதித்துப் பார்க்க அரசு ஓராண்டுக்கு உதவி தருகிறது. ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டால்தான், தண்ணீர் தெளிந்தது மருந்தாலா மழையாலா என்று தெரியும். நிரூபித்துவிட்டால் பேட்டை முழுவதையும் அரசே சுத்தம் செய்து தரும். ஒரே ஒரு வருடம், அக்கா.

பதினோராம் கிணறு உன் வீட்டுடையது என்று அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் எடுக்கும் சாக்கில் மாதம் ஒருமுறையாவது உங்களைப் பார்க்கலாமே.

உன் சின்னவளின் கால் அரிப்பு எப்படி இருக்கிறது?

உன் தங்கை


பிப்ரவரி 19

வாயில்லாப்பூச்சிக்கு,

உன்னை மாதிரி எழுத எனக்கு வராது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

நம்ம வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நீ. அந்தக் கை எடுத்த சீட்டு எனக்கே பட்டை நாமம் போட்டுடுச்சு. எதிர்வீட்டு டீச்சர் தினம் வாசல்ல நின்னு, "உங்க பக்கம் எப்போ வர்றாங்களாம்?"னு கேக்குறா. தெரியாத மாதிரி! "எங்க தண்ணி தங்கக் கலருங்க, எதுக்கு மாத்தணும்?"னு சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

குடிக்க லாரித் தண்ணி. குளிக்க, துவைக்க எல்லாம் இந்தக் கிணறுதான். சின்னவ சொறிஞ்சு சொறிஞ்சு கால்ல ரத்தம். உங்க மாமாகிட்ட சொன்னா, "உன் தங்கச்சிதானே ஆபீசரு, அவளையே கேளு"ங்கறார். சரி, கேக்குறேன். அந்த மருந்துல அப்படி என்னதான்டி இருக்கு? காத்தடிச்சா சர்க்கரை ஆலை வாசனை வருது.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பெரிய மருந்தெல்லாம் இல்லை. சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு. மாட்டுத் தீவனக் கடையில் பீப்பாயில் வைத்திருப்பார்களே, அதேதான். ஒரு பங்கு பாகுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து மண்ணுக்குள் செலுத்துகிறோம். அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். அவை பெருகும் இடத்தில் மஞ்சள் விஷம் சாதுவாகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் முதன்முதலாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இவ்வளவுதானா என்று.

சின்னவளை லாரித் தண்ணீரிலேயே குளிப்பாட்டு. களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்ட் 8

அக்கா,

மூன்று நாளாகக் கை ஒரு வேலையில் நிற்கவில்லை. குடுவைக்கு மூடி போடுகிறேன், திறக்கிறேன், மறுபடி போடுகிறேன்.

வடக்கு வரிசை தெளிந்துவிட்டது. ஆனால் தெற்கிலும் பதினோராம் கிணறு தெளிந்துவிட்டது. அதன் இருபுறமும் பத்தும் பன்னிரண்டும் வெளுக்கின்றன. ஆய்வுக்குழுத் தலைவர் அந்த எண்களை விரலால் தட்டிக்கொண்டே கேட்டார்: "மருந்து போடாமலே தெளியுதுன்னா உங்க பாகு எதுக்கும்மா? மழை செய்யற வேலைக்கு அரசு ஏன் உதவி செய்யணும்?" பதினெட்டாம் தேதி முடிவு செய்கிறார்கள். உதவி நின்றால் பேட்டையில் யாருக்கும் எதுவும் இல்லை. பொறியாளர் டீயை எதிரில் வைத்துக்கொண்டே குடிக்க மறந்துவிடுகிறார்.

போன வாரம் உன் கிணற்றுச் சுவரில் எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. நீ பின்னாலேயே நின்று, "சாப்பிட்டுட்டுப் போடி" என்று மூன்று முறை சொன்னாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் குறிப்பேட்டில் எறும்பை எழுதவில்லை.

நீயே சொல்.

தங்கை


ஆகஸ்ட் 12

ஆமாண்டி. ஊத்தினேன்.

ஏப்ரல்ல ஆரம்பிச்சேன். பள்ளிக்கூடத்துல யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்கன்னு சின்னவ அழுதா. லாரித் தண்ணி குடிக்கவே பத்தல, இதுல குளிப்பாட்டணுமாம்! தீவனக் கடைக்காரர், "எத்தனை மாடும்மா?"ன்னு கேட்டார். "ஒண்ணுதான், சோபாவுல உக்காந்து டிவி பாக்குது"ன்னேன்.

நீ எழுதின அளவுதான், ஒண்ணுக்குப் பத்து. குளிக்கிற வாளியில கலக்கி ஊத்தினேன். மொதல்ல அழுகின முட்டை மாதிரி நாறிச்சு. அப்புறம் மஞ்சள் போச்சு. நம்ம பக்கமும் தெளிஞ்சா உனக்குத்தான் பேருன்னு நெனச்சேன். உன்னையே கவுத்துவிடும்னு சத்தியமா தெரியாது.

ஊத்தின நாளெல்லாம் காலண்டர்ல குறிச்சிருக்கேன், எத்தனை வாளின்னும். உன்கிட்டேருந்து ஒட்டிக்கிட்ட பழக்கம். தாளைக் கிழிச்சு இதோட வச்சிருக்கேன். உனக்கு வேலை போயிடும்னா எரிச்சிடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அக்கா,

காட்டிவிட்டேன்.

நீ என் அக்கா என்பதையும், பாகின் அளவை உனக்கு எழுதியது நான் என்பதையும் சேர்த்தே சொன்னேன். உன் தாள்களையும் என் அளவீடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நீ ஊற்றிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும்தான் விஷம் குறைந்திருக்கிறது. மழை இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அரசு உதவி தொடர்கிறது. ஆனால் தெற்கு வரிசையை இனி ஒப்பிட முடியாதாம். அதற்குப் பதிலாக, அதே மஞ்சள் தண்ணீர் வரும் பின்தெருவை ஒரு வருடம் தொடாமல் விடப்போகிறார்கள். நம்மால்.

நான் இனி அந்தப் பக்கம் தண்ணீர் எடுக்க வரக்கூடாது. விசாரணை முடியும்வரை பழைய கோப்புகளோடு உட்கார வைத்திருக்கிறார்கள். வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

தலைவர் கடைசியாக, "அந்த வாளி எத்தனை லிட்டர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாளியை அனுப்பு.

தங்கை


ஆகஸ்ட் 25

என் தங்கச்சிக்கு,

வாளி பஸ்ஸுல வருது. கழுவல, அடியில ஒட்டியிருக்கறதையும் அவங்களே பாத்துக்கட்டும்.

பின்தெருவுக்கு நானே போய் வீடு வீடா சொன்னேன். நாலு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. ஒரு அம்மா மட்டும் ரகசியமா, "எந்தக் கடை?"ன்னு கேட்டா. சொல்லல. வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல.

எல்லாத்தையும் எழுதினே. அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி எப்படிடி எந்திரிச்சு நின்னே? அத எழுதலையே. சின்னவ கேக்குறா, "சித்தி சத்தமா பேசுச்சா?"ன்னு.

வீட்டுல வேற வாளி இல்ல. அளந்து முடிச்சதும் நீயே எடுத்துட்டு வா. தண்ணி எடுக்கத்தானே வரக்கூடாதுன்னாங்க, சாப்பிட வரக்கூடாதுன்னு சொல்லலையே.

அக்கா