ஓலையில் விடுபட்ட பிள்ளைகள்

நீர் பெருகுக, நெல் பெருகுக, நாரைக்கொடி நிமிர்ந்து நிற்க.

வெண்கரை நாடுடைய கோமான், பகைவர் நெஞ்சில் உறங்காத நெருப்பு, வடவெல்லைப் பாசறையில் வேலும் வாளும் சூழ வீற்றிருக்கும் செழியதேவர் திருமுன்னர்க்கு, தலைநகர் ஆரைக்கோட்டையில் அரியணை காக்கும் அரசியார் உமையாழ்வி நாச்சியாரின் ஆணை தாங்கி, ஓலைநாயகம் குணவன் முகிற்குன்றத்து மதகடியில் அமர்ந்து வரைந்து விடுக்கும் ஓலை. தேவர் திருமேனிக்கு நலமே விளைக. அரசியார் நலம், இளவரசர் நலம், பட்டத்து யானை வழக்கம்போல் பாகனை ஆட்டிப்படைத்துக்கொண்டு நலம். அஞ்சத்தக்க செய்தி ஒன்றும் இவ்வோலையில் இல்லையாதலால் தேவர் அமர்ந்தபடியே படிக்கலாம்.

ஆயினும் ஒரு குற்றம் இதில் சொல்லப்படுகிறது. குற்றம் செய்தவன் குணவன். தன் மடமையைத் தானே 'நான், நான்' என்று எழுதக் கை கூசுவதால், வேறொருவன் கதையைச் சொல்வதுபோல் அவன் இதைச் சொல்லத் துணிந்தான். பொறுத்தருள்க.

சென்ற ஆண்டு ஐப்பசியில் செங்காய்ச்சல் நாட்டுக்குள் புகுந்ததும், ஊரெல்லாம் கதவடைக்க ஆணை பிறந்ததும் தேவர் அறிவர். பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள இளையோர் மட்டும் முதல் மாதத்திலேயே ஆற்றுத்துறையில் கூடிக் கும்மாளமிட்டு நோயை வீடு வீடாகக் கொண்டு சேர்த்ததால், அவர்களுக்கென்று தனியோலை ஒன்றைக் குணவன் எழுதினான். வாசற்படி தாண்டினால் வீட்டார் அனைவருக்கும் நாற்பது நாள் கதவடைப்பு என்பது அதன் சாரம். எட்டு மாதம் கழித்து நோய் ஒழிந்தது. கதவு திறக்கும் ஓலையையும் குணவனே எழுதினான். தெருத்தெருவாகப் பறையறைந்து அதைப் படித்தார்கள். ஊர் வெளியே வந்தது.

இளையோர் வரவில்லை. ஆறு மாதம் ஆகியும் வரவில்லை!

உச்சிப்பொழுதில் எழுகிறார்களாம், எழுந்ததும் ஊஞ்சலில் அமர்கிறார்களாம், அமர்ந்தால் தாயக்கட்டையும் கையுமாய்ப் பொழுது சாயும் வரை அசைவதில்லையாம். இரவெல்லாம் மச்சுக்கு மச்சு கயிறு கட்டி, ஓலை நறுக்குகளில் ஏதேதோ எழுதி இழுத்துக்கொள்கிறார்களாம். விடியற்சேவல் கூவும்போதுதான் படுக்கிறார்களாம். இப்படிப் பெற்றோர் வந்து புலம்பப் புலம்ப, குணவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தலைமுறைக்குச் சோம்பல் எலும்பில் ஏறிவிட்டது என்று தேவருக்கு நான்கு ஓலைகள் எழுதினான். அவற்றில் இருந்த சொற்களை இன்று நினைத்தால் அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நம் வயலுக்கு நீர் தரும் மதகு முகிற்குன்றத்தார் கையில் இருக்கிறது. விடியலில் நம் நாற்றங்காலில் பறித்த ஒரு முடி நாற்றை, பத்தொன்பது வயதுக்கு மேற்படாத பதினாறு பேர் கைமாற்றிக் கைமாற்றி நான்கு காதம் ஓடி, உச்சிக்குள் வாடாமல் மதகடியில் சேர்த்தால்தான் அவ்வாண்டுக்கு நீர் என்பது இரு நாட்டு முன்னோர் செய்த உடன்படிக்கை. சென்ற ஆண்டு நோயைக் கருதி ஓட்டமின்றியே நீர் விட்டார்கள். இவ்வாண்டு வழக்கம் வழக்கமே என்று சொல்லிவிட்டார்கள். நாற்று வாடினால் நாடே வாடும்.

ஓட்டத்துக்கு நாற்பது நாள் முன்பு, பதினாறு பேரையும் அரச அழைப்போலை விடுத்துக் கோட்டை வெளிக்கு வரவழைத்து ஓடவிட்டுப் பார்த்தான் குணவன். அந்தக் கண்ணராவியை என்னவென்று எழுதுவது! படகுத்துறைத் தலைவர் மகள் கொற்றி, பதினேழு வயதினள், நோய்க்கு முந்திய ஓட்டத்தில் கடைசிக் குன்றுச்சரிவைப் பறந்து ஏறியவள், கால் பங்கு தொலைவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருவர் வாந்தி எடுத்தனர். ஒருவன் தன் முறை வருமுன் வேப்ப நிழலில் உறங்கியே போனான். முடிந்ததும் பதினாறு பேரும் திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாளே தேவரின் சினவோலையும் வந்தது. சோம்பிக் கிடக்கும் இளையோர் அனைவரையும் எல்லைக்கோட்டைக்குக் கல் சுமக்க அனுப்புக என்று அதில் இருந்தது.

அதை நிறைவேற்றுமுன் கொற்றியை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டுமென்று, நட்ட நடுப்பகலில் குணவன் அவள் வீட்டுக்கே போனான். அவள் உறக்கத்தில் இருந்தாள். தாய் தட்டி எழுப்ப, கண்ணைக் கசக்கியபடி வந்து கும்பிட்டாள். நாடே தெருவில் நடக்க உனக்கென்ன கேடு, ஏன் வெளியே வந்து காலை நீட்டி நடக்கவில்லை என்று அவன் உறுமினான். அவள் சற்றுத் தயங்கி, எங்கள் கதவைத் திறந்த ஓலை எது என்று ஐயா சொல்லியருள வேண்டும் என்று கேட்டாள்.

ஆனித் திங்களில் பறையறைந்து படித்தது காதில் விழவில்லையா என்றான். விழுந்தது என்றாள், வீட்டில் வேறு வேலை இல்லாததால் அது மனப்பாடமும் ஆகிவிட்டது என்றாள். பிறகு கை கட்டி நின்று, ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். உழவர் வெளிவருக, வணிகர் வெளிவருக, நெசவாளர் வெளிவருக, தாய்மாரும் தவழும் குழந்தைகளும் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறாரும் வெளிவருக, இருபது வயது நிறைந்த ஆடவரும் மகளிரும் வெளிவருக, தடியூன்றும் முதியோர் வெளிவருக, ஆடும் மாடும் அரண்மனை யானையும் வெளிவருக. ஒப்பித்து முடித்து, யானைக்கும் அனுமதி இருக்கிறது ஐயா, எங்களுக்கு இல்லை என்றாள்.

தேவர் அறிவர், ஓர் ஓலை அடைத்ததை, அடைக்கப்பட்டவரைப் பெயர் சுட்டி வேறோர் ஓலைதான் திறக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். ஆற்றுத்துறைக் கும்மாளத்தை அரசர் இன்னும் மன்னிக்கவில்லை போலும் என்று பிள்ளைகள் எண்ணியிருந்தார்கள். கேட்டால் அரசர் சினம் கூடுமோ, நாற்பது நாள் மீண்டும் விழுமோ என்று பெற்றோர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். குணவனிடம் வந்து சோம்பல் என்று புலம்பினார்களே தவிர, கதவு திறக்குமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் கேட்க வழி வைக்கவில்லை.

குணவன் தன் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓலைச்சுவடி அறைக்கு ஓடினான். படியில் இருமுறை மூச்சுக்காக நின்றான். மூலவோலை அவன் கையெழுத்தில்தான் இருந்தது. வரிசையில் ஆடு, மாடு, யானை வரை எழுதியவன், ஏழாண்டு வயது வரம்பை அப்படியே தாண்டிப் போயிருந்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். இதைச் சொல்ல அவனுக்கு வெட்கமில்லை. அரசியாரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னபோது, நாச்சியார், அழுதது போதும், எழுத்தாணியை எடும் என்று பணித்தார். அன்று பொழுது சாய்வதற்குள் இளையோரைப் பெயர் சுட்டிய ஓலை தெருவெங்கும் படிக்கப்பட்டது. தேவரின் கல் சுமக்கும் ஆணையைக் குணவன் நிறைவேற்றவில்லை. அதற்கான தண்டனையை ஏற்க அணியமாயிருக்கிறான்.

ஓலை கதவைத் திறக்கும். காலைத் திறக்காது என்பதை அடுத்த வாரம் காட்டியது. அரண்மனை மருத்துவச்சி நல்லாத்தி, முதல் நாள் கிணறு வரை நடை, மறுநாள் கோயில் வரை நடை, மூன்று நாளைக்கொரு முறை ஒரு நாழிகை முன்னதாகப் படுக்கை, ஒரே இடத்தில் இரண்டு நாழிகைக்கு மேல் அமரக்கூடாது என்று முறை வகுத்தாள். பிள்ளைகள் முயன்றார்கள், ஆனால் படுத்தால் உறக்கம் வரவில்லை, எழுந்தால் கெண்டைக்கால் இழுத்தது. மச்சுக் கயிறு விடாமல் அழைத்தது. அப்போது கொற்றியே ஒரு வழி சொன்னாள். கயிற்றையெல்லாம் அவிழ்த்துவிடுவோம், ஓலை நறுக்கு எழுதியவரே அதைப் பகலில் கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்றாள். அவ்வளவுதான்! பேசாமல் இருக்க அந்த வயதால் முடியுமா? ஒரு நாளைக்கு இருபது செய்தி சொல்லும் பிள்ளை இருபது முறை தெருவில் ஓடியது. பத்தே நாளில் ஊர்த் தெருக்களில் மாடு கன்று நடக்க முடியவில்லை. இரவில் மச்சுகள் அடங்கின.

ஓட்ட நாள் விடிந்தது. குணவன் முதல் நாளே பல்லக்கில் மதகடிக்கு வந்து, ஆறு நாழிகையாகக் குன்றுச்சரிவையே பார்த்துக்கொண்டு நின்றான். பதினான்காம் கையில் ஒருவனுக்குத் தசை பிடித்து நாற்று நெடுநேரம் நின்றுபோனது என்று குதிரைக்காரன் வந்து சொன்னபோது அவன் கதிரவன் நின்ற உயரத்தை அண்ணாந்து பார்த்தான். வெயில் ஏறியது. கடைசியில் சரிவின் அடியில் கொற்றி தெரிந்தாள்.

பழைய கொற்றி அல்லள். பறக்கவில்லை. ஓடினாள், நடந்தாள், ஒரு பாறையில் கை ஊன்றி நின்றாள், மறுபடி ஓடினாள். நாற்று முடியை முந்தானையால் மூடி வெயில் படாமல் தன் நிழலிலேயே வைத்திருந்தாள். மதகுக் காவலர் கையில் அதை வைத்தபோது உச்சிக்கு அரை நாழிகை இருந்தது. வெளித்தாள்கள் சுருண்டிருந்தன. காவலர் முகத்தைச் சுளித்து முடியை அவிழ்த்தார், உள்ளே புரட்டினார், இன்னும் உள்ளே புரட்டினார். பச்சை. உள்ளே முழுக்கப் பச்சை. இது உயிருள்ள நாற்று, நீர் உங்களுடையது என்று அவர் அறிவித்தார். அம்மம்மா, மதகுப் பலகை மேலே ஏறிய ஓசையைக் கேட்டபோது குணவன் தன் வயதையும் பதவியையும் மறந்து குதித்தான்!

மற்ற பதினைந்து பேரும் மாலையில் வண்டிகளில் வந்து சேர்ந்தார்கள். தசை பிடித்தவனை அவர்கள் தோளில் தூக்கி வந்தார்கள். விருந்துக்கு இலை போட்டாயிற்று. தேவரே, குணவன் வாழ்த்துரை சொல்லத் தொண்டையைச் செருமுவதற்குள், விளக்கு வைக்கும் அந்தப் பொழுதிலேயே, ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்துவிட்டார்கள். கொற்றியின் கையில் சோற்றுருண்டை அப்படியே இருக்கிறது. இருட்டியதும் உறங்கும் பிள்ளைகளைப் பார்த்து எத்தனை திங்கள் ஆயின!

ஆகவே அரசியார் இந்நாளுக்கென ஒப்படைத்த நாரை முத்திரையைப் பதித்து, குணவன் இவ்வாணை பிறப்பிக்கிறான். மதகடி மண்டபத்தில் உறங்கும் பதினாறு பேரையும், தாமாக விழிக்கும் வரை, பெற்றோரோ, காவலரோ, அமைச்சரோ, தேவரீர் அனுப்பும் தூதரோ எழுப்பற்க. பறை முழக்கற்க, கொம்பு ஊதற்க, வாழ்த்தொலி நாளைக்கு ஆகட்டும். இவ்வோலை கொண்டுவரும் வீரனும் குன்றின் அடி வரை குதிரையைக் கையில் பிடித்து மெல்ல நடத்திச் செல்லப் பணிக்கப்பட்டான். அதனால் ஓலை சற்றுத் தாமதித்து வந்திருந்தால் தேவர் பொறுத்தருள்க.

இது ஆணை. முத்திரை பதிந்தது.